போர்டைக் கலைத்த சோடாக்காரம்மா

அரசாங்கத்தைக் கவிழ்த்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பட்டாளத்தை வைத்துக் கவிழ்த்தவர்கள் உண்டு. பணத்தை இறைத்துக் கவிழ்த்தவர்கள் உண்டு. மேடை மேடையாக ஏறித் தொண்டை கட்டும்வரை பேசிக் கவிழ்த்தவர்களும் உண்டு. ஆளுக்கொரு பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்து, "குடிங்க சாமி, சூடு தணியட்டும்" என்று சொல்லியே ஒரு நிர்வாகத்தைக் கவிழ்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் ஊர் சோடாக்காரம்மா.

கவிழ்ந்தது பெரிய சாம்ராஜ்யம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு. ஊர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வர நாலு பேர் மிச்சம் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். அப்போது தருமபுரிப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. முப்பதுகளின் கடைசி. நான் நல்லம்பள்ளியிலிருந்து வந்து அந்த போர்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். மீசை ஒழுங்காக முளைத்திராவிட்டாலும் சோடாக்காரம்மா என்னை 'ரைட்டரே' என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய கடை ஆபீசுக்கு நேர் எதிரே. முன்பக்கம் கடை, நடுவில் சோடா மெஷின், பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணற்றிலும் உப்புத் தண்ணீர் ஊறும்போது அந்த ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறியது. அவருடைய புருஷன் பெங்களூரில் சோடாத் தொழில் கற்று மெஷினோடு வந்து சேர்ந்தவர். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனது அந்த மெஷினும் இரண்டொரு கன்னட வார்த்தைகளும். அதில் ஒன்று 'சும்னிரு'. பேசாமல் இரு என்று அர்த்தம். நாய் குரைத்தாலும் சும்னிரு, தாசில்தார் பேசினாலும் சும்னிருங்க. மரியாதைக்கு ஒரு 'ங்க' சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் கடையில் நமக்கு வேண்டியதை நாம் கேட்டு வாங்கிவிட முடியாது. "ஒரு கலர் குடுங்க" என்று இனிப்பு சோடா கேட்டால் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

"காலையில பழையது தின்னியா?"

"இல்லீங்க."

"அப்ப கலர் வேண்டாம். இஞ்சி சோடா குடி."

குடித்துத்தான் ஆக வேண்டும். பெண்டாட்டியை அடித்துவிட்டு வருகிறவன் யாராக இருந்தாலும் அந்தச் சேதி அவனுக்கு முன்னால் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும். "வூட்டுக்குப் போயி அந்தப் புள்ளகிட்ட ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசிட்டு வா. பாட்டல் எங்கியும் ஓடிப்போகாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வெயிலில் நாக்கு வறண்டு நிற்கிறவன் என்ன செய்வான்? போய்ப் பேசிவிட்டுத்தான் வருவான். நல்ல வார்த்தைதான் பேசினானா என்று பெண்டாட்டியிடம் விசாரித்துவிட்டுக் கோலியைத் தட்டிய நாட்களும் உண்டு.

ஒரு மாரியம்மன் பண்டிகையில் கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் கைகலப்பு. இளவட்டங்கள் நேராக இவர் கடைக்கு ஓடிவந்து சோடாப் பெட்டியில் கைவைத்தார்கள். சண்டையில் சோடா பாட்டில் எத்தனை உதவியான சாமான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோடாக்காரம்மா தடுக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "எடுத்துக்கங்க. ஆனா எறியறவன் அவன் பேரையும் அப்பன் பேரையும் சத்தமாச் சொல்லிட்டு எறியோணும். நாளைக்கு நான் எந்த வூட்டுல போயிப் பாட்டல் கேக்கறது?" என்றார். முதலில் எடுத்தவன் கையை ஓங்கினான். வாயைத் திறந்தான். பெயரைச் சொன்னான். அப்பன் பெயருக்கு வரும்போது அப்பனே எதிரே நின்றுகொண்டிருந்தார். பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். அன்றைய சண்டை அதோடு சரி.

இப்படிப்பட்டவர் போர்டு மெம்பரானது எப்படி என்றால், யாரும் யோசிக்காததால்தான். பெண்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவு. எந்த வீட்டிலும் தங்கள் பெண்களை நிறுத்த மனசில்லை. யாரையாவது போட்டாக வேண்டுமே என்று பார்த்தபோது எதிர்க் கடையில் ஒரு பெண்மணி இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கிழக்குத் தெருக்காரர்கள் இவரை நம்ம ஆள் என்று நினைத்தார்கள். மேற்குத் தெருக்காரர்களும் அப்படியே நினைத்தார்கள். போட்டியில்லாமல் மெம்பராகிவிட்டார்.

முதல் கூட்டத்துக்கு வெளுத்த சேலையும் கையில் ஒரு தாழங்குடையுமாக வந்தார். ஒரு மெம்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா பக்கத்து ரூம்பிலே உக்காந்துக்கட்டுமுங்க. அபிப்பிராயத்தைப் பியூன் மூலமாச் சொல்லி அனுப்பலாம்" என்றார். சோடாக்காரம்மா நேரே எதிர்க் கடைக்குப் போனார். ஒரு காலி சோடாப் பெட்டியைத் தலையில் தூக்கிவந்து மேஜைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப ஆரம்பிங்க" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குள் மனசு கேட்காமல் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு நாற்காலி வந்துவிட்டது. அது தெரிந்து மேற்குத் தெருவிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்று வந்தது. ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். ஒரு நாற்காலியில் குடையை வைத்தார், இன்னொன்றில் வெற்றிலைப் பையை வைத்தார், தாம் பெட்டியிலேயே உட்கார்ந்தார். போர்டு இருந்தவரை அந்தக் குடையும் பையும் நாற்காலியில்தான் உட்கார்ந்து வந்தன.

இனி அந்த இரண்டு தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தெருவுக்குத் தலைவர் புளிமண்டிக்காரர். மேற்குத் தெருவுக்கு மாந்தோப்புக்காரர். மண்டிக்காரரின் சொந்தத் தங்கையைத்தான் தோப்புக்காரர் கட்டியிருந்தார். ஆனாலும் போர்டு என்ற ஒன்று வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கூட்டத்தில் மட்டும் பேசிக்கொள்வார்கள். அதுவும் முறை தவறாமல்.

"நீங்க சொல்றது சுத்தப் பொய்யிங்க மாமா."

"பொய் சொல்றது உங்க பரம்பரைக்கே பழக்கம் மாப்ளே."

அந்தத் தங்கச்சி பாவம், பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வாங்க முடியாமல் மூன்றாவது தெருவில் அண்ணியைச் சந்தித்து அழுதுவிட்டுப் போவார்.

பழைய தலைவர் உடம்பு முடியாமல் விலகிக்கொண்டபோது மண்டிக்காரரும் தோப்புக்காரரும் தலைவர் பதவிக்கு நின்றார்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவில் சோடாக்காரம்மா. எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. ஒருத்தரை ஜெயிக்க வெச்சுட்டு இன்னொருத்தரு மூஞ்சியை நான் தெனமும் கடையில பாக்க வேண்டாமா?" என்றார். தேர்தல் திரும்பத் திரும்ப நடந்தது. கை திரும்பத் திரும்ப மடியிலேயே இருந்தது.

தலையில்லாத போர்டு எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். நடந்தது. அன்றன்றைக்கு யார் தலைமை வகிப்பது என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். ஒரு தெருவிளக்கு வந்தது. கிழக்கே நட வேண்டும் என்று ஒரு கட்சி, மேற்கே நட வேண்டும் என்று ஒரு கட்சி. கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் கண்டுபிடித்தோம். சுடுகாட்டுப் பாதை. எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் இருட்டில் தடுக்கி விழ, செத்தவர்கள் வெளிச்சத்தில் போனார்கள்.

விளக்கு விஷயத்தில் சிரித்துவிடலாம். தண்ணீர் விஷயத்தில் முடியவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி பிறப்பதற்குள் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. உப்புக் கிணறுகளே வற்றத் தொடங்கின. அப்போதுதான் ஜில்லா போர்டிலிருந்து ஒரு குடிதண்ணீர்க் கிணறு வெட்டப் பணம் ஒதுக்கினார்கள். எங்கே வெட்டுவது என்று மார்ச்சு முடிவதற்குள் போர்டு தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

மண்டிக்காரர் கிழக்குத் தெரு என்றார். நாலு கை. தோப்புக்காரர் மேற்குத் தெரு என்றார். நாலு கை. சோடாக்காரம்மா பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். அவர் நின்று பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"சந்தை மேட்டுல வெட்டலாமுங்க. எல்லாத் தெருவுக்கும் நடுவாலே இருக்குது. சேரிக்காரங்களுக்கும் கிட்டம். அவங்க இப்ப அரைக்காத தூரம் நடந்து ஓடையைத் தோண்டி எடுக்கறாங்க."

வழிமொழிய ஆள் வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. மண்டிக்காரர்தான் மெதுவாக, "சந்தை மேட்டுல வெச்சா கண்டவங்களும் தொடுவாங்களே ஆயா" என்றார். அதிசயமாகத் தோப்புக்காரரும் தலையை ஆட்டினார். அந்த விஷயத்தில் மட்டும் மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒற்றுமை.

"தாகத்துக்குத் தண்ணி மொள்ள வர்றவங்க கண்டவங்களா?" என்று கேட்டுவிட்டு சோடாக்காரம்மா உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சும்னிரு என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தம்முடைய கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வந்து நல்ல தண்ணீர் மொண்டு போகலாம், வரிசையில் நின்றால் போதும். கிழக்குத் தெருக் குடம், மேற்குத் தெருக் குடம், சேரிக் குடம் எல்லாம் ஒரே வரிசை. அதைப் பார்த்துவிட்டுச் சிலர் இவர் கடையில் சோடா குடிப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தாவிட்டாலும் கொடுத்திருக்க முடியாது. அந்த ஒரு கிணறு ஊருக்கும் மெஷினுக்கும் சேர்த்துத் தாங்காது என்று மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டார். சோடா இல்லாத சோடாக் கடையில் சும்மா உட்கார்ந்து, வரிசையில் தள்ளுமுள்ளு வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அந்த வரிசையில் சேரியிலிருந்து வந்த நிறைமாதப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். குடம் உடைந்தது. சோடாக்காரம்மா அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்த் தமது கட்டிலில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டே இருந்தார். நான் ஆபீசிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்ததும் முதலில், "கொடம் போயிருச்சுங்களா?" என்றுதான் கேட்டாள்.

"கொடம் கெடக்குது. நீ இருக்கியே, அது போதும்" என்றார் சோடாக்காரம்மா. பிறகு வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, இந்த போர்டை இழுத்து மூடோணும்னா என்ன செய்யோணும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போர்டு உருப்படியாக வேலை செய்யவில்லை என்று சர்க்காருக்குப் பட்டால் அதைக் கலைத்துவிட்டு, எல்லா அதிகாரத்தையும் ஒரு ஸ்பெஷல் ஆபீசர் கையில் கொடுத்துவிடலாம். விசாரணை, அறிக்கை என்று மாசக்கணக்கில் இழுக்கும்.

"போர்டே தீர்மானம் போட்டு, எங்களைக் கலைச்சுடுங்கன்னு கேட்டா?"

"அப்படி எந்த போர்டும் கேட்டதில்லீங்கம்மா."

"கேட்டா?"

"கேட்டா சுருக்க முடிஞ்சிடும்."

"ஆயித்து" என்றார். அது அவருடைய இன்னொரு கன்னட வார்த்தை. காரியம் முடிந்தது என்று அர்த்தம். நடுமத்தியான வெயிலில் அம்மாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

அன்று சாயந்திரம் மெஷினின் மேலிருந்த துணி எடுக்கப்பட்டது. இரண்டே இரண்டு பன்னீர் சோடா. ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு புளிமண்டிக்குப் போனார். இன்னொன்றை மாந்தோப்புக்கு எடுத்துப் போனார். அந்த வறட்சியில் யார் கண்ணிலும் படாத சோடா. அங்கே என்ன பேசினார் என்பதை எனக்கு அவரே பிற்பாடு நடித்துக் காட்டினார்.

மண்டிக்காரரிடம்: "குடிங்க சாமி, சூடு தணியட்டும். கெணறு மேக்குத் தெருவுக்கே போயிரும் போல இருக்குதுங்க. நான் ஒருத்தி எத்தனை நாளைக்குத் தாக்குப் புடிப்பேன்? போர்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அது நடக்கும். கலைச்சுடச் சொல்லி நான் எந்திரிக்கறேன். நீங்க வழிமொழியுங்க. வெளியில மூச்சு விடாதீங்க."

தோப்புக்காரரிடமும் அதே சோடா, அதே வசனம். மேற்கு என்ற இடத்தில் மட்டும் கிழக்கு.

"இது பொய் இல்லீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"எப்படிப் பொய்யாகும்? நான் கையைத் தூக்கினா இவருக்குப் போகும். மாத்தித் தூக்கினா அவருக்குப் போகும். ரெண்டும் நெசந்தானே?" என்றார்.

கூட்டம் கூடியது. இரண்டு கட்சிக்காரர்களும் வழக்கத்துக்கு விரோதமாகச் சாந்தமாக இருந்தார்கள். மனசுக்குள் ஆளுக்கொரு ரகசியம் இருந்தால் முகம் அப்படித்தான் ஆகிவிடும். சோடாக்காரம்மா எழுந்தார்.

"இந்த போர்டாலே ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் கெடைக்கலை. அதனாலே இதைக் கலைச்சுடும்படி சர்க்காரைக் கேட்டுக்கறதுன்னு தீர்மானமுங்க. வழிமொழியறவங்க எந்திரிங்க."

நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. மண்டிக்காரர் எழுந்தார். அதே நொடியில் தோப்புக்காரரும் எழுந்தார். இரண்டு பேருக்குப் பின்னாலும் அவரவர் ஆட்கள் எழுந்தார்கள். அந்த போர்டு பிறந்ததிலிருந்து எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றது அன்றைக்குத்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எதுக்கு மாமா எந்திரிச்சீங்க?"

"நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க, அதைச் சொல்லுங்க மாப்ளே."

"சும்னிருங்க ரெண்டு பேரும்" என்றார் சோடாக்காரம்மா. "ரைட்டரே, எழுதிக்கங்க. ஏகமனதா."

நான் எழுதினேன். அவர்களுக்கு விஷயம் புரிந்து கத்தத் தொடங்குவதற்குள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. பெட்டியில் உட்கார்ந்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல்களைச் சாத்தினேன்.

"அம்மாவுக்கு சந்தோஷந்தானுங்களே?" என்றேன்.

"கெணறு வந்துரும். அது சந்தோசந்தான்" என்றார். "ஆனா எனக்கு இங்க வர்றது புடிச்சிருந்துது ரைட்டரே. ஒரு பொம்பளை பேசறப்ப எட்டு ஆம்பளைங்க வாயை மூடிக்கிட்டுக் கேட்ட எடம் இந்த ஊர்லே இது ஒண்ணுதான். அதுவும் எங்க, பாதி நேரம் கேக்கலை. இருந்தாலும் கேக்கற மாதிரி உக்காந்திருந்தாங்கல்ல." எழுந்து, குடையையும் வெற்றிலைப் பையையும் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்தார். நான் தூக்கி வருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

சர்க்கார் உத்தரவு அவ்வளவு வேகமாக வந்து நான் என் உத்தியோக காலத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் போர்டின் மேல் சேலத்துக்காரர்களுக்கு எத்தனை நாள் எரிச்சலோ. மார்ச்சு முடிவதற்குள் உத்தரவோடு ஸ்பெஷல் ஆபீசரும் வந்தார். தலைப்பாகையும் கோட்டுமாக, கட்டுமஸ்தான மனிதர். மண்டிக்காரர் கிழக்குத் தெருவில் பந்தல் போட்டு இலையில் பன்னிரண்டு பதார்த்தம் வைத்தார். தோப்புக்காரர் மேற்குத் தெருவில் மேளம் வைத்தார். இரண்டு தெருவிலும் அவரை நடக்கவைத்து, இதுதான் கிணறு வெட்டத் தோதான இடம் என்று காட்டினார்கள். நடந்து நடந்து மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனேன்.

சோடாக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி வேணுங்களா சாமி? வரிசையில நில்லுங்க."

"அம்மா, இவரு ஸ்பெஷல் ஆபீசர்" என்று பதறினேன்.

"இருக்கட்டும். தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

ஆபீசருக்குக் கோபம் வந்து அப்போதே எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த நீளமான வரிசையைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் நின்ற கிழவிக்குப் பின்னால் போய் நின்றார். வரிசை நத்தையாக நகர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து, பயம் தெளிந்து, பேச ஆரம்பித்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை நடை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் சொன்னார்கள். அவர் முறை வந்து ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தபோது, கிணறு எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. சந்தை மேடு என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாறைப் பூமி. வெடி வைத்து வெடி வைத்துத்தான் இறங்கினார்கள். ஊறியபோது பன்னீர் என்று சொல்ல முடியாது, ஆனால் குடிக்கிற தண்ணீர்.

அதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். முதல் நாள் சேரிப் பெண்கள் குடத்தோடு வந்தபோது சிலர் கம்போடு வழிமறித்து நின்றார்கள். சோடாக்காரம்மா ஒரு சோடாப் பெட்டியைக் கொண்டுவந்து கிணற்றுமேட்டில் போட்டு உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. பக்கத்து ஊர்க் கதை, பஸ் கதை, பெங்களூர்க் கதை எல்லாம் பேசிக்கொண்டு, வருகிற குடத்துக்கெல்லாம் கயிற்றைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கம்பு வைத்திருந்தவர்கள் முறைத்தார்கள். மறுநாளும் வந்து முறைத்தார்கள். அவர் மறுநாளும் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் கடையை நான் பார்த்துக்கொண்டேன். கலர் கேட்டவர்களுக்கெல்லாம் கலரே கொடுத்ததாகப் பின்னால் திட்டு வாங்கினேன். எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பது நினைவில்லை. முறைக்க வந்தவர்கள் அலுத்துப்போகிற வரைக்கும்.

போர்டு போனதும் மண்டிக்காரருக்கும் தோப்புக்காரருக்கும் சண்டை போட விஷயமே இல்லாமல் போய்விட்டது. ரொம்பத் தவித்தார்கள். ஒரு நாள் சாயந்திரம் சோடாக் கடை பெஞ்சில் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் பெஞ்சின் நடுவில் இருந்தார்கள். ஸ்பெஷல் ஆபீசரை இரண்டு பேரும் சேர்ந்து வைதுகொண்டிருந்தார்கள்.

"அந்தாளுக்கு ஊர் நடப்பு என்னங்க மாமா தெரியும்?"

"அதானே மாப்ளே. நம்மளைக் கேட்டானா?"

அந்தப் பொங்கலுக்குத் தோப்புக்காரர் வீட்டம்மா கூடை நிறைய வாழைப்பழமும் கரும்புமாகப் பிறந்த வீட்டுக்குப் போனார். போகிற வழியில் கடை வாசலில் நின்று, சோடாக்காரம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

சில வருஷம் கழித்து மறுபடியும் போர்டு அமைக்க ஏற்பாடு நடந்தது. மாமனும் மாப்பிள்ளையும் ஜோடியாகக் கடைக்கு வந்தார்கள்.

"ஆயா, இந்தத் தடவை நீங்கதான் தலைவரா இருக்கோணும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறோம்."

சோடாக்காரம்மா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து கேக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க ஆயா."

"அப்ப நான் எதுக்குங்க?"

அவர் உள்ளே போய் இரண்டு பாட்டில் எடுத்து வந்தார்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஓசூர் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. கல்யாணமாகி, மூத்தவன் கைக்குழந்தை. யுத்த காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. அடுப்பில் கரி பிடித்து, பின்னால் ஓர் ஆள் துருத்திச் சக்கரத்தைச் சுற்றி ஊதி ஊதி, வண்டிக்கு மனசு வந்தால்தான் கிளம்பும். சாமான்களை மேலே ஏற்றிவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சோடாக்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து, நேராகப் பஸ்ஸுக்குள் ஏறி, என் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு, உன் வூட்டுக்காரரு ராத்திரியில மோர் ஊத்திக்கிட்டா மார்ச்சளி புடிக்கும். குடுக்காதே. எழுத உக்காந்தா சோத்தை மறந்துருவாரு. ரெண்டு தடவை கூப்பிடு. மூணாவது தடவை கூப்பிடாம தட்டைக் கொண்டுபோயி முன்னாலே வெச்சுரு." என்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எல்லாம் அவளிடம்தான். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பின்னால் ஆள் சக்கரத்தைச் சுற்றினான். புகை வந்ததே தவிர பஸ் அசையவில்லை. ஏறியிருந்தவர்கள் டிரைவரை ஏச ஆரம்பித்தார்கள். சந்தைக்கு நேரமாச்சு என்றார்கள், கோர்ட்டுக்கு நேரமாச்சு என்றார்கள். நானும் மறுநாள் காலை ஓசூரில் வேலையில் சேர வேண்டியவன். குழந்தை அவருடைய சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனான். கரிப் புகைக்காக அவர் கையால் அவன் முகத்தை மறைத்தபடி, எழுந்திருக்கவே மனசில்லாதவராக உட்கார்ந்திருந்தார்.

பஸ் கிளம்பாமலே இருந்துவிட வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டது என் ஆயுசில் அந்த ஒரு காலைப் பொழுதில்தான்.